துண்டுக்கார அக்காவும் சுரங்கத்துத் தண்ணீரும்

ஈரத் தலையோடு அந்த அக்காவின் கண்ணில் பட்டவர்கள் தப்பியதே இல்லை. அவர் தோளில் எந்நேரமும் ஒரு ஈரிழைத் துண்டு கிடக்கும். மழையில் நனைந்துகொண்டு யார் வந்தாலும், "இப்படி வாங்க, தலையக் குனிங்க" என்பார். பெண்கள் குழந்தைகள் என்றால் அவரே துவட்டிவிடுவார். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். ஆம்பளைகளுக்குத் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, துவட்டி முடிக்கிறவரை எதிரே நின்று பார்ப்பார். ஒப்புக்குத் துவட்டினால் துண்டைப் பிடுங்கி, தபால்காரர் என்றும் பார்க்காமல் அவர் மண்டையை நாலு தேய் தேய்த்துத்தான் அனுப்புவார். எங்கள் லைன் வீடுகளில் அவருக்குத் துண்டுக்கார அக்கா என்றுதான் பெயர்.

இடுக்கி மலையில் மின்சாரத்துக்காகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. எழுபதுகளின் தொடக்கம். வேலைக்காரர்களுக்குக் கேம்ப்பில் தகரம் வேய்ந்த லைன் வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கம்ப்ரசர் ஓட்டுகிற வேலை. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில்; எனக்கு மழை பழக்கம். பக்கத்து வீட்டு அக்கா பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். காய்ந்த பூமியிலிருந்து வந்தவர். ஜூன் பிறந்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் இங்கே மாதக்கணக்கில் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அக்காவுக்கு அதெல்லாம் பகையாளிகள். அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் துணி, விறகு, செருப்பு என்று எல்லாவற்றையும் காயவைப்பார். ஒரு தடவை என் வீட்டு முருங்கைக்காயையும் வாங்கிக் கொண்டுபோய்க் கம்பியில் தொங்கவிட்டுவிட்டார். குழம்பெல்லாம் புகை வாசம்.

என் மூத்தவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கேம்ப்புக்குக் கீழே இருந்த சின்னக் கோயிலில் நடந்தது. அக்கா இந்து, இருந்தாலும் முதல் வரிசையில் வந்து நின்றுகொண்டார். சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றினார். அடுத்த வார்த்தையை அவர் தொடங்குமுன் அக்கா ஒரே எட்டில் முன்னே போய்ப் பிள்ளையின் தலையைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டார். கோயிலே திகைத்துப் போயிற்று.

என் மாமியார்தான் என் காதைக் கடித்தாள். "ஏட்டி, மந்திரிச்ச தண்ணியவே தொடச்சிட்டாளே! இனிமே இந்தப் புள்ள கிறிஸ்தவனா இந்துவா?"

சாமியார் நல்ல மனுஷன். சிரித்தபடி, "தண்ணீர் பட்டாயிற்று, போதும்" என்றார். அக்காவுக்கு நடந்தது ஒன்றும் உறைக்கவில்லை. "இந்தக் குளுருக்குப் பச்சை மண்ணு தலையில தண்ணிய ஊத்தறாங்க, நீங்க எல்லாம் பாத்துட்டு நிக்கறீங்களே கண்ணு" என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டார்.

இந்த ஈரப் பைத்தியம் அவருக்கு எதனால் வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததாம். கேம்ப்புக்கு முதல் முதலில் வந்தபோது லாரியின் பின்னால் சாமான்களோடு உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். வழியில் மழை.

"நனைஞ்சுட்டுத்தான் வந்தா. எம்மடியிலதான் இருந்தா. துண்டு மூட்டைக்குள்ள அடியில இருந்துதுங்க. ஊடு போய்ச் சேந்து தொடைச்சுக்கலாம்னு இருந்துட்டேன்" என்றார். புடைப்பதை நிறுத்தவில்லை. "மாருல சளி கட்டிருச்சு. தொடைச்சுருக்கோணும் அம்மிணி. மூட்டைய அவுத்துருக்கோணும்."

அதற்குப் பிறகு நான் அந்தத் துண்டைக் கேலி பண்ணியதில்லை.

இப்படிப்பட்ட அக்காவுக்கு வாய்த்த புருஷன் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர். அண்ணன் சுரங்கத்தில் டிரில்லர். வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போடுகிறவர். அந்த டிரில்லில் மாட்டுகிற இரும்புக் கம்பி நடுவில் ஓட்டையாக இருக்கும். ஒரு குழாயில் காற்று வந்து கம்பியைப் பாறையில் அடிக்கும். இன்னொரு குழாயில் தண்ணீர் வந்து, கம்பிக்குள்ளேயே ஓடி, பாறைக்குள் அதன் நுனியில் பீச்சும். கல் பொடியெல்லாம் பறக்காமல் சேறாகி வழிந்து வெளியே வரும், பிட்டு என்று சொல்கிற அந்த நுனியும் சூடேறாது. என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கிச் சொன்னது இது. அந்தத் தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை; மலை ஓடையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தது. கை வைத்தால் எலும்பு வலிக்கும். துளையிலிருந்து திரும்பித் தெறிக்கிற தண்ணீர் முழுக்க டிரில்லர் நெஞ்சில்தான் அடிக்கும்.

அண்ணன் அதிகம் பேசாதவர். பேசினால் அந்தத் துளைகளைப் பற்றித்தான். "தண்ணி விட்டாப் பாறை தொந்தரவு பண்றதில்லீங்க. ஓட்டை சுத்தமா எறங்கும்" என்பார். அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். அக்காவை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆனால் அக்கா சொல்வதை ஒப்புக்கொண்டதும் இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்று அக்கா சொன்னால், இருக்கிறது என்பார். இன்றைக்கு வியாழன் என்றால், புதன் என்பார். வெயில் அடிக்கிறது என்று அக்கா சொன்னால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். லைனில் எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை.

ஷிப்டு முடிந்து அவர் வரும்போது அக்கா வாசலிலேயே நிற்பார். தலையிலிருந்து கால் வரை சேறும் தண்ணீருமாக அவர் வர, அங்கேயே நிறுத்திவைத்துத் துவட்டுவார். பிறகு அடுப்படியில் உட்காரவைத்து வேறு துண்டால் மறுபடி துவட்டுவார். அப்படியும் ஒரு மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. படுத்த இடத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். காய்ந்த தலையை.

காய்ச்சல் இறங்கிய அன்று அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்தது அத்தனையும் எங்களுக்குக் கேட்டது.

"அந்தத் தண்ணிப் பைப்ப மூடிப்போட்டுத் தொளைங்க."

"ஆகாது புள்ள. தண்ணியில்லாம பிட்டு மழுங்கிப் போகும்."

"மழுங்குனா மழுங்கட்டும். அது கம்பெனி இரும்பு. நீங்க என்ன இரும்பா?"

"கல்லுப் பொடி கண்ணுல அடிக்கும்."

"கண்ணத் தொடைச்சுக்கலாம். மாருக்குள்ள எறங்குன ஈரத்த எந்தத் துண்டப் போட்டுத் தொடைக்கறது? ஒண்ணத் தொடைக்காம உட்டுட்டேன். உங்களையும் உட முடியாதுங்க."

"நீ சொல்றது தப்பு புள்ள. ஆனாலும் மூடிக்கறேன்" என்றது கேட்டது. அவர் மூடினார். மூடிக்கொள்ள ஃபோர்மேனும் தடை சொல்லவில்லை. தண்ணீர் ஹோஸை இழுக்கிற வேலை மிச்சம். துளையைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றாராம். அக்கா கேட்காவிட்டாலும் பாதிப் பேர் ஏற்கெனவே மூடித்தான் வைத்திருந்தார்கள். அந்தக் குளிர் அப்படி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. அந்தத் தண்ணீர் எதற்கு என்று தெரிந்தவர்கள் மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த ஆபீஸில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட லைன் பக்கம் வந்து சொல்லவில்லை. பிட்டுகள் சீக்கிரம் மழுங்குகின்றன என்று ஒரு தடவை சத்தம் போட்டார்கள், அவ்வளவுதான். தண்ணீர் இரும்புக்காக விடுகிறார்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். மனுஷனுக்காக என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு வந்த காலம்தான் அக்காவுக்கு நல்ல காலம். அண்ணன் நனையாமல் வந்தார். மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக வருவார். அக்கா வாசலில் நிறுத்தித் துண்டால் படபடவென்று தட்டுவார். புகை மாதிரி பறக்கும். "பாருங்க கண்ணு, எங்கூட்டுக்காரரு கெழவனாயிட்டாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார். அண்ணனும் சிரிப்பார். வேலி ஓரம் நான் வைத்திருந்த ரோஜாச் செடியின் இலைகூட வெளுத்துக் கிடக்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் அண்ணனுக்குக் காய்ச்சலே வரவில்லை. அக்கா பழனிக்கு நேர்ந்துகொண்டு போய் முடி கொடுத்துவிட்டு வந்தார். மொட்டைத் தலையோடு வந்திறங்கியவர், "இப்பத்தான் தொவட்டறதுக்கு நல்லாருக்கு" என்றார்.

சில வருஷம் கழித்து அண்ணனுக்கு இருமல் தொடங்கியது. சளி இல்லாத வறட்டு இருமல். முதலில் மேடு ஏறும்போது நின்றார். அப்புறம் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டு நின்றார். அப்புறம் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றார். பாதி வார்த்தையில் மூச்சை வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்வார். அக்கா ஓமத்தை வறுத்து ஒற்றடம் கொடுத்தார். பழைய ஈரம் உள்ளே தங்கிவிட்டது, அதுதான் இப்போது வேலையைக் காட்டுகிறது என்று அவருக்குத் திட்டமான நம்பிக்கை. வெந்நீரில்கூட அண்ணனைக் குளிக்கவிடவில்லை.

என் வீட்டுக்காரர்தான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் அக்காவும் கூடப் போனோம். படம் எடுத்தார்கள். அக்கா வராந்தாவில் அண்ணனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மலையாளி, சின்ன வயசுக்காரர். நாங்கள் மூன்று பேரும் உள்ளே நின்றோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இது டி.பி. அல்லா. கல்லுப் பொடியாணு" என்றார். பிறகு எங்களுக்குப் புரிகிற தமிழில் சொன்னார். நெஞ்சுக்குள் கல் பொடி போய் உறைந்து கிடக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. கடைசியில் அவருக்கே பொறுக்காமல், தண்ணீரை வெள்ளம் என்றே சொல்லிக் கேட்டார். "வெள்ளம் விட்டுத்தானே துளைக்கணும்? வெள்ளம் விட்டிருந்தா பொடி பறக்காதே. யாரு மூடச் சொன்னது?"

அண்ணன் கதவு வழியாக வராந்தாவைப் பார்த்தார். அக்கா அந்தச் சட்டையை உதறி, ஈரம் இருக்கிறதா என்று காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் அண்ணன் என் வீட்டுக்காரரிடம். மூச்சு வாங்கியது. "அம்மிணி, நீங்களும் கேளுங்க. இது அவளுக்குத் தெரிய வேண்டாம். எப்பவும் தெரிய வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். நாங்கள் பின்னால் போனோம். அக்கா எழுந்து நின்று, டாக்டர் என்ன சொன்னார் என்று முகம் முகமாகப் பார்த்தார்.

"ஈரந்தான் புள்ள," என்றார் அண்ணன். "பழைய ஈரம். நீ சொன்னதுதான் செரி. இன்னும் முன்னாடியே மூடியிருக்கோணும்."

அக்கா ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாந்தான் சொன்னேனுங்களே" என்று சொல்லிச் சட்டையை மாட்டிவிட்டார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டு, சாரல் படாமல் அவரைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

அண்ணன் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியேதான் கடைசி நாட்களைக் கழித்தார். படுத்தால் மூச்சு அடைத்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து தன் முதுகை அவர் முதுகுக்குக் கொடுத்துத் தாங்குவார். அந்த மாதங்களில் அக்கா ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிள்ளை நனைந்த தலையோடு அவர் முன்னால் ஓடினான்; கூப்பிடவில்லை. துக்கத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அண்ணன் போனதும் அக்கா ஊருக்குக் கிளம்பினார். லாரியில்தான் போனார், வந்த மாதிரியே. துண்டை மூட்டைக்குள் வைத்துக் கட்டிவிட்டார். தோளில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு இரண்டு மழைக்காலம் கழிந்திருக்கும். பாலக்காட்டில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை இருந்தது. அவரோடு நானும் கிளம்பினேன். பாலக்காட்டில் அவரை விட்டுவிட்டு பஸ் பிடித்து அக்காவின் ஊரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். அந்தப் பக்கம் அப்போது மழை பொய்த்திருந்தது. எங்கே பார்த்தாலும் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். டிராக்டரில் கம்ப்ரசரைக் கட்டிக் கொண்டுவந்து பாறையில் துளை போடுவார்கள். அக்கா தன் தம்பி வீட்டில் இருந்தார். தம்பியின் தோட்டத்திலும் கிணறு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். இடுப்பளவு மண்ணை எடுத்ததுமே பாறை.

வீட்டில் யாரும் இல்லை. சத்தம் கேட்ட திசையில் போனேன். பள்ளத்தில் இரண்டு ஆட்கள் டிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு பள்ளத்துக்குள் அக்காவும் நின்றிருந்தார். இடுப்பில் குடம். கம்பி பாறையில் இறங்குகிற இடத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார். சேறு தெறித்து அவர் சேலை, முகம், முடி எல்லாவற்றிலும் அடித்தது. தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அந்தத் தலையைப் பார்த்ததும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

டிரில்லை நிறுத்திவிட்டு ஒருவன் என்னைப் பார்த்து முறையிட்டான். "நீங்களாச்சும் சொல்லுங்க. குடிக்கவே தண்ணியில்ல, அதைக் கொண்டாந்து கல்லுக்கு ஊத்தறாங்க. நேத்துப் புடிச்சு இதே ரோதனை."

"ஊத்தாம தொளைக்கறதா இருந்தா மெசினக் கட்டிக்கிட்டுப் போயிருங்க சாமி," என்றார் அக்கா. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "வாங்க கண்ணு" என்று மேலே ஏறி வந்தார்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "எப்பக்கா தெரிஞ்சிது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"அந்த வராந்தாவுலயேதானுங்க," என்றார். "கண்ணாலம் பண்ணுன நாளா நான் சொன்னது செரின்னு அந்த மனுசன் ஒருக்காக்கூடச் சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்னாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, நாந்தான்னு."

"அவருகிட்ட நீங்க கேக்கலியாக்கா?"

"எப்படிங்க கேக்கறது? எனக்குத் தெரியலைன்னு நெனைச்சு அவரு கொஞ்சம் நிம்மதியா இருந்தாரு. அது மட்டுந்தான் நான் அவருக்குக் கெடுக்காம உட்டது."

சேறும் தண்ணீருமாக அவர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. அந்த வெயிலிலும் அவர் உதடு நடுங்குவது தெரிந்தது. நான் முந்தானையை இழுத்து அவர் தலையைத் துவட்டப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை; மெதுவாகத்தான்.

"இருக்கட்டும் கண்ணு," என்றார்.

கீழே டிரில்லை மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். பள்ளத்திலிருந்து வெள்ளையாகப் பொடி எழும்பியது. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்.